வலேஹோ: சம்பளம், வரி, காவல் பயிற்சி. ஒரு நகர மன்றம் எடுத்த முடிவுகளும் அவற்றின் விளைவுகளும்

## எதைப் பற்றியது

தமிழ்நாட்டில் காவல்துறை மாநில அரசின் கையில் இருக்கிறது. மாநகராட்சி பட்ஜெட்டில் காவலர் சம்பளம் வராது. அமெரிக்காவில் பெரும்பாலான நகரங்களில் நிலைமை வேறு. காவலரை வேலைக்கு எடுப்பது, சம்பளம் பேசுவது, பயிற்சிக்கு அனுப்புவது, அவர் மீது வழக்கு வந்தால் பணம் கட்டுவது எல்லாமே நகரத்தின் பொறுப்பு. அதற்கான பணத்தை வரியாகத் திரட்ட வேண்டியதும் அதே நகர மன்றம்தான்.

கலிபோர்னியாவின் வலேஹோ நகரம் 2008-ல் திவால் மனு கொடுத்தது. அதுவரை அந்த மாநிலத்தில் திவாலான நகரங்களில் அதுவே பெரியது. அந்த முடிவுக்கு முன்னும், அதற்குப் பின் ஏறத்தாழ பதினைந்து ஆண்டுகளும் நகர மன்றத்தில் நடந்ததை வரிசையாகப் பதிவு செய்வது இந்த ஆய்வின் நோக்கம். திவாலைப் பற்றி நிறைய எழுதப்பட்டிருக்கிறது. காவல் பயிற்சியைப் பற்றியும் தனியாக நிறைய வந்திருக்கிறது. இரண்டும் ஒரே கணக்குப் புத்தகத்தின் இரண்டு பக்கங்கள் என்பதை மட்டும் அதிகம் பேர் சொல்லவில்லை. தனிநபர்களின் பெயர்கள் இங்கே தரப்படவில்லை. முறைகளைப் புரிந்துகொள்ள அவை தேவையும் இல்லை.

## பின்னணி: கப்பல்தளம் போன பிறகு

வலேஹோ சான்பிரான்சிஸ்கோ விரிகுடாவின் வடகிழக்கு ஓரத்தில், சோலானோ மாவட்டத்தில் இருக்கிறது. திவாலான சமயத்தில் மக்கள்தொகை சுமார் 1 லட்சத்து 17 ஆயிரம். 1854-ல் தொடங்கிய மேர் ஐலண்ட் கடற்படைக் கப்பல்தளம்தான் நகரத்தின் பிழைப்பு. பசிபிக் கரையில் அமெரிக்கக் கடற்படையின் முதல் தளம் அது. 1996-ல் அது மூடப்பட்டது. தளத்தில் வேலை பார்த்தவர்களின் சம்பளமும் போயிற்று, அந்தச் சம்பளத்தை நம்பியிருந்த கடைகளின் வியாபாரமும் போயிற்று.

அடுத்த பத்தாண்டில் வீட்டு விலை ஏறிய வேகம் இந்த ஓட்டையை மறைத்தது. சான்பிரான்சிஸ்கோவிலும் ஓக்லண்டிலும் வீடு வாங்க முடியாதவர்கள் இங்கே வந்தார்கள். புது வீடுகள் எழும்பின, விற்பனை நடந்தது, நகரத்துக்கு வருமானம் வந்தது.

கலிபோர்னியாவின் வரிச் சட்டத்தை இங்கே கொஞ்சம் சொல்லியாக வேண்டும். 1978-ல் மக்கள் வாக்களித்து நிறைவேற்றிய 13-ஆம் முன்மொழிவின்படி, அடிப்படைச் சொத்து வரி மதிப்பில் 1 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. மதிப்பையும் ஆண்டுக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏற்ற முடியாது. வீடு கைமாறும்போதுதான் சந்தை விலைக்கு வரும். ஆக, வீடுகள் விற்றுக்கொண்டே இருக்கும் வரை நகரத்துக்கு வருமானம் குதித்து ஏறும். விலை விழுந்தால் உரிமையாளர் மதிப்பைக் குறைக்கக் கேட்கலாம், வருமானம் சட்டென்று இறங்கும். மன்றம் நினைத்தாலும் விகிதத்தை உயர்த்தி ஈடுகட்ட முடியாது. 1996-ல் வந்த 218-ஆம் முன்மொழிவு இன்னொரு பூட்டையும் போட்டது. நகரம் எந்தப் புதுப் பொது வரி விதித்தாலும் வாக்காளரில் பாதிக்கு மேல் ஒப்புதல் தர வேண்டும். குறிப்பிட்ட ஒரு செலவுக்கென்று வரி கேட்டால் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும்.

வரவுக்கு இத்தனை கட்டுப்பாடு. செலவுப் பக்கத்தில் அப்படி எதுவும் இல்லை.

## கவனிக்கப்பட்டது: சம்பளம் ஏறிய விதம்

1969-ல் வலேஹோவின் காவலர்களும் தீயணைப்பு வீரர்களும் வேலைநிறுத்தம் செய்தார்கள். இனி அப்படி நடக்கக் கூடாது என்பதற்காக அடுத்த ஆண்டே நகர சாசனத்தில், அதாவது நகரத்தின் அடிப்படைச் சட்டத்தில், ஒரு விதி சேர்க்கப்பட்டது. சம்பளப் பேச்சு முறிந்தால் விவகாரம் நடுவர்களிடம் போகும். அவர்கள் சொல்வதற்கு நகரமும் சங்கமும் கட்டுப்பட வேண்டும். வேலைநிறுத்தத்தைத் தவிர்க்க அது நியாயமான ஏற்பாடாகவே தோன்றியது. ஆனால் நகரத்தின் மிகப் பெரிய செலவில் கடைசி வார்த்தை மன்றத்திடம் இல்லாமல் போயிற்று. நடுவர் வாக்காளரைச் சந்திக்க வேண்டியதில்லை, தீர்ப்புக்கான பணத்தைத் தேட வேண்டியதும் இல்லை. அந்த நிழல் இருந்ததால் மன்றம் நடுவரிடம் போகாமலே பல முறை இறங்கி வந்தது.

சம்பளம் ஒப்பீட்டு முறையில் ஏறியது. விரிகுடாப் பகுதியின் மற்ற நகரங்கள் என்ன கொடுக்கின்றன என்று பார்த்து, அந்த அளவுக்குக் கொடுப்பது வழக்கம். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் ஒப்பிடப்பட்ட நகரங்களில் பல வலேஹோவைவிட வசதியானவை. அவையும் அக்கம்பக்கத்தைப் பார்த்தே உயர்த்தின. ஒரு நகரம் ஏற்றினால் சராசரி ஏறும், சராசரி ஏறினால் எல்லோரும் ஏற்ற வேண்டும். இந்தச் சூத்திரத்தில் ‘இந்த நகரத்தால் கொடுக்க முடியுமா’ என்ற கேள்விக்கு இடமே இல்லை.

ஓய்வூதியமும் இதே வழியில் போனது. 1999-ல் மாநிலச் சட்டம் ஒன்று நெடுஞ்சாலைக் காவலருக்கு ஓய்வூதியத்தை உயர்த்தியது. பணிசெய்த ஒவ்வோர் ஆண்டுக்கும் சம்பளத்தில் 3 சதவீதம், 50 வயதிலேயே எடுத்துக்கொள்ளலாம். முப்பது ஆண்டு வேலை பார்த்தவருக்கு 90 சதவீதம். அதே சலுகையை நகரங்களும் ஒப்பந்தத்தில் சேர்க்கலாம் என்று வழி திறந்தது. வலேஹோவும் சேர்த்தது.

தீயணைப்புத் துறை ஒப்பந்தத்தில் குறைந்தபட்ச ஆள் எண்ணிக்கை என்று ஒரு பிரிவும் இருந்தது. ஒருவர் விடுப்பு எடுத்தால் இன்னொருவரை ஓவர்டைமில், அதாவது ஒன்றரை மடங்கு கூலியில், கூப்பிட்டே ஆக வேண்டும். வேலை குறைவான நாளா, அதிகமான நாளா என்ற பேச்சே கிடையாது.

2008 வாக்கில் நகரத்தின் பொது நிதி சுமார் 8 கோடி டாலர். அதில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு காவலுக்கும் தீயணைப்புக்கும் போனது. நூலகம், பூங்கா, சாலை, மூத்தோர் மையம் எல்லாம் மிச்சத்தில் ஓட வேண்டும். காவல் கேப்டன் ஒருவருக்குச் சம்பளமும் சலுகைகளுமாக ஆண்டுக்கு 3 லட்சம் டாலர் ஆகிறது என்ற கணக்கு பத்திரிகைகளில் அடிபட்டது. அந்த எண் ஊரையே இரண்டாகப் பிரித்தது. மேல் நிலையில் இருந்த சிலரின் கணக்கை வைத்து எல்லாக் காவலரையும் பேசுகிறார்கள் என்று சங்கம் சொன்னது; அதிலும் உண்மை இருந்தது.

## 2008: மன்றத்தின் முன் இருந்த வழிகள்

வீட்டுச் சந்தை சரிந்ததும் கடனைக் கட்ட முடியாமல் பறிமுதலான வீடுகள் சோலானோ மாவட்டத்தில் குவிந்தன. ஜூலையில் தொடங்கவிருந்த நிதியாண்டுக்குப் பற்றாக்குறை சுமார் 1 கோடியே 60 லட்சம் டாலர் என்று நகர நிர்வாகம் கணக்குக் காட்டியது. சேமிப்பு நிதி தீர்ந்திருந்தது.

பிப்ரவரியிலேயே திவால் பேச்சு எழுந்தது. அது வெளியே கசிந்ததும் எதிர்பாராத ஒன்று நடந்தது. பணியில் மூத்த காவலர்களும் தீயணைப்பு வீரர்களும் பலர் முன்கூட்டியே ஓய்வு பெற விண்ணப்பித்தார்கள். எடுக்காத விடுப்புக்கான பணத்தை நகரம் மொத்தமாகக் கொடுக்க வேண்டியதாயிற்று. பணம் இல்லை என்ற செய்தியே கையிருப்பை இன்னும் கரைத்தது. சங்கங்கள் தற்காலிகமாகக் கொஞ்சம் விட்டுக்கொடுத்தன, மன்றம் கொஞ்சம் மூச்சு விட்டது. ஆனால் ஜூலைக்கான கணக்கு ஒத்துவரவில்லை.

மன்றத்தின் முன் மூன்று வழிகள் இருந்தன. வரி கேட்கலாம், ஆனால் வீட்டை இழந்துகொண்டிருந்த வாக்காளரிடம் காவலர் சம்பளத்துக்கு வரி கேட்டால் என்ன பதில் வரும் என்று எல்லோருக்கும் தெரியும். மற்ற துறைகளை வெட்டலாம். மிச்சமிருந்த கால் பங்கை முழுக்க மூடினாலும் சில ஆண்டுகள்தான் தாங்கும். மூன்றாவது, கூட்டாட்சித் திவால் சட்டத்தின் 9-ஆம் அத்தியாயம்; நகரங்கள் நீதிமன்றப் பாதுகாப்பில் கடனை மாற்றியமைக்க வழி தருவது அது.

2008 மே 6 அன்று ஏழு உறுப்பினர்களும் ஒருமனதாகத் திவாலுக்கு வாக்களித்தார்கள். மே 23 அன்று மனு தாக்கலானது. சங்கங்களின் ஆதரவோடு தேர்ந்தெடுக்கப்பட்டவர்களும் அந்த ஏழு பேரில் உண்டு. கருத்து மாறித்தான் அவர்கள் வாக்களித்தார்கள் என்று நான் நினைக்கவில்லை. ஜூலை மாதச் சம்பளப் பட்டியலுக்குப் பணம் இல்லை என்பது சித்தாந்தத்துக்கு அப்பாற்பட்டது.

## நீதிமன்றத்தில் மூன்றரை ஆண்டுகள்

9-ஆம் அத்தியாயம் நிறுவனத் திவால் மாதிரி இல்லை. நகரத்தின் பூங்காவை விற்கச் சொல்லவோ வரியை ஏற்றச் சொல்லவோ நீதிபதிக்கு அதிகாரம் கிடையாது. உள்ளே நுழையும்போதே நகரம் உண்மையிலேயே கடனைக் கட்ட முடியாத நிலையில் இருக்கிறது என்று நிரூபிக்க வேண்டும். இல்லை, வேறு நிதிகளில் பணம் ஒளிந்திருக்கிறது என்று சங்கங்கள் வாதாடின. செப்டம்பரில் நீதிபதி நகரத்தின் பக்கம் தீர்ப்பளித்தார்; மேல்முறையீட்டிலும் அது நின்றது.

பெரிய தீர்ப்பு 2009 மார்ச்சில் வந்தது. திவாலில் இருக்கும் நகரம் தொழிற்சங்க ஒப்பந்தத்தையும் ரத்து செய்யலாம். ஒப்பந்தம் சுமையாக இருக்கிறது, நியாயமான பேச்சுவார்த்தைக்கு முயன்றும் பலனில்லை என்று காட்டினால் போதும். நாடு முழுக்க நகரங்களும் சங்கங்களும் இந்த வழக்கை உற்று நோக்கின. அதற்குள் நான்கு சங்கங்களில் காவலர் சங்கமும் மேலாளர் சங்கமும் புது ஒப்பந்தத்துக்கு ஒத்துக்கொண்டிருந்தன. கடைசியில் நீதிமன்றம் ரத்து செய்தது மின்பணியாளர் சங்கத்தின் ஒப்பந்தத்தைத்தான். மிகப் பெரிய செலவு யாரால் வந்ததோ அவர்களோடு சமரசம். எழுத்தரும் பராமரிப்புப் பணியாளரும் இருந்த சங்கத்துக்கு ரத்து. காவலர் ஒப்பந்தம் இன்னும் தாராளமாகவே இருக்கிறது என்ற விமர்சனம் அப்போதே எழுந்தது, அது தவறென்று சொல்ல முடியாது.

ஓய்வூதியத்தை மன்றம் தொடவில்லை. மாநில ஓய்வூதிய அமைப்பான கால்பெர்ஸ் நீண்ட வழக்குக்குத் தயாராக நின்றது. இன்னொரு வழக்குச் செலவை நகரத்தால் தாங்க முடியாது. பதிலாக, ஓய்வுபெற்றவர்களின் மருத்துவக் காப்பீட்டுக்கு நகரம் தந்துவந்த தொகை மாதம் 300 டாலராக வெட்டப்பட்டது. பிணையம் இல்லாமல் நகரத்துக்குக் கடன் கொடுத்தவர்களுக்கு ஒரு டாலருக்குச் சில சென்ட்டுகளே கிடைத்தன. வழக்கறிஞர் செலவு மட்டும் 1 கோடி டாலரைத் தாண்டியது.

2010 ஜூனில் நடுவர் தீர்ப்பு விதியை வாக்காளர்கள் சாசனத்திலிருந்து நீக்கினார்கள், குறைந்த வித்தியாசத்தில். இந்தக் காலம் முழுவதிலும் நடந்த அடிப்படை மாற்றம் இதுவே என்பேன். சம்பள வெட்டு ஒரு முறை நடப்பது. யார் முடிவெடுப்பது என்ற விதி மாறியதோ அப்படியே நிற்கிறது.

2011 நவம்பர் 1 அன்று நகரம் திவாலிலிருந்து வெளியே வந்தது.

## வரி: ஒரு சென்ட் எதற்கு

ஒரு வாரம் கழித்து, நவம்பர் 8 அன்று, வாக்காளர்களிடம் ஒரு டாலருக்கு ஒரு சென்ட் கூடுதல் விற்பனை வரி கேட்கப்பட்டது, பத்து ஆண்டுகளுக்கு. மயிரிழையில் வென்றது.

வரியை எந்த வடிவில் கேட்டார்கள் என்பது முக்கியம். ‘காவலுக்காக’ என்று எழுதியிருந்தால் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும். கிடைத்திருக்க வாய்ப்பே இல்லை. அதனால் பொது வரியாகக் கேட்டார்கள். பிரச்சார மேடையில் பாதுகாப்பு, சாலை, இளைஞர் என்று எல்லாவற்றையும் சொல்லலாம். சட்டப்படி பணம் எதற்கும் கட்டுப்பட்டதல்ல. வாக்குறுதிக்கும் சட்டத்துக்கும் இடையிலான இந்த இடைவெளியில்தான் அடுத்த ஆண்டு மன்றத்தில் சண்டை வெடித்தது.

வரியால் ஆண்டுக்குச் சுமார் 1 கோடி டாலர் வந்தது. அதில் 30 சதவீதத்தை எதற்குச் செலவிடுவது என்று குடியிருப்போரே முடிவு செய்யட்டும் என்று ஒரு தீர்மானம் வந்தது. பிரேசிலின் போர்ட்டோ அலெக்ரேயில் 1989-ல் தொடங்கிய பங்கேற்பு பட்ஜெட் முறை அது. காவலர் பற்றாக்குறை இருக்கும்போது இது ஆடம்பரம் என்று ஒரு தரப்பு எதிர்த்தது. மக்கள் நம்பிக்கை போன ஊரில் அதைத் திரும்பப் பெற வேறு வழியில்லை என்று மறு தரப்பு வாதாடியது. 2012 ஏப்ரலில் 4-க்கு 3 என்ற வாக்கில் தீர்மானம் நிறைவேறியது. அமெரிக்காவில் ஒரு நகரம் முழுமைக்கும் இந்த முறை நடந்தது அதுவே முதல் தடவை. முதல் சுற்றில் சுமார் 32 லட்சம் டாலர்.

வாக்களிக்க 16 வயது போதும், குடியுரிமை தேவையில்லை. ஏறக்குறைய நாலாயிரம் பேர் வாக்களித்தார்கள். சாலைக் குழிகளை மூடுவது, தெருவிளக்கு, கண்காணிப்புக் கேமரா, சமூகத் தோட்டம் போன்றவை தேர்வாயின. எனக்கு இதில் பிடித்த விஷயம் தோட்டமல்ல. தெருவிளக்குக்கு என்ன செலவாகும் என்று நகரப் பொறியாளரிடம் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டால்தான் அங்கே ஒரு திட்டத்தை வாக்குக்கு வைக்க முடியும். சம்பள ஒப்பந்தத்துக்கு அப்படி ஒரு மேசை அதற்கு முன்னும் இருந்ததில்லை, பின்னும் வரவில்லை.

2016-ல் அதே ஒரு சென்ட் வரியை நிரந்தரமாக்க வாக்காளர்கள் சம்மதித்தார்கள்.

## காவல்துறை: ஆள் குறைந்தது, அப்புறம்

2000-களின் நடுவில் 150-க்கு மேல் இருந்த காவலர் எண்ணிக்கை, திவால் முடியும்போது 100-க்குக் கீழே போயிருந்தது. ஓய்வு, பக்கத்து நகரங்களுக்கு மாறுதல், காலியிடங்களை நிரப்பாமல் விட்டது எல்லாம் சேர்ந்த கணக்கு. ஒவ்வொரு காவலருக்குமான செலவு அதிகம், ஆகவே தலைகளைக் குறைப்போம் என்பதுதான் உண்மையில் நடந்தது. யாரும் அதை இப்படி வெளிப்படையாகத் தீர்மானமாக எழுதவில்லை, அவ்வளவுதான்.

இந்த இடத்தில் பயிற்சி எப்படி அடிபடுகிறது என்று விளக்க வேண்டும். கலிபோர்னியாவில் புதுக் காவலருக்கு அடிப்படைப் பயிற்சி குறைந்தது 664 மணி நேரம். அப்புறம் அனுபவமுள்ள ஒருவரோடு ரோந்து வண்டியில் பல வாரங்கள். இது கட்டாயம், இதை யாரும் வெட்ட முடியாது. வெட்டுப்படுவது வேலையில் சேர்ந்த பிறகு வரும் பயிற்சிகள். உதாரணத்துக்கு, மனநல நெருக்கடியில் இருப்பவரைக் கையாளும் பயிற்சி 1988-ல் மெம்பிஸ் நகரில் உருவானது, 40 மணி நேரம். ஒரு காவலரை ஒரு வாரம் அதற்கு அனுப்பினால், வகுப்புச் செலவு சிறிய தொகை. அவருடைய ஷிப்டில் யார் நிற்பது என்பதுதான் பெரிய தொகை. ஆள் போதுமான துறையில் அட்டவணையை மாற்றிச் சமாளிப்பார்கள். ஆள் இல்லாத துறையில் ஏற்கெனவே ஓவர்டைமில் களைத்துப்போன இன்னொருவரை ஒன்றரை மடங்கு கூலிக்கு அழைக்க வேண்டும். எனவே ‘அடுத்த காலாண்டில் பார்க்கலாம்’ என்றாகும். மேற்பார்வைக்கும் இதே கதி. சார்ஜெண்ட் தானே அழைப்புகளுக்கு ஓடிக்கொண்டிருந்தால், மற்றவர் எப்படி நடந்துகொள்கிறார் என்று பார்க்க யாருமில்லை.

பட்ஜெட்டில் இதெல்லாம் மிச்சப்பட்ட பணமாகவே தெரியும்.

2012-ல் மட்டும் வலேஹோ காவலரின் துப்பாக்கிச் சூட்டில் ஆறு பேர் இறந்தார்கள். இந்த அளவு நகரத்துக்கு அது திகைக்க வைக்கும் எண்ணிக்கை. 2010-க்குப் பிந்தைய பத்தாண்டில் இறந்தவர்கள் 19 பேர். பணம் குறைந்ததால்தான் இது நடந்தது என்று சொல்வது சுலபம், ஆனால் அது முழு உண்மையில்லை. அதே காலத்தில் ஸ்டாக்டனும் சான் பெர்னார்டினோவும் திவாலாயின. ஆள் குறைப்பு அங்கேயும் நடந்தது. வலேஹோவில் துறையின் உள்பழக்கம் என்ற ஒன்றும் இருந்தது. உயிர் போன துப்பாக்கிச் சூட்டில் ஈடுபட்ட சிலர் அதன் அடையாளமாகத் தங்கள் பேட்ஜின் முனையை வளைத்து வைத்தார்கள் என்று 2020-ல் உள்ளூர்ச் செய்தி ஒன்று வெளிக்கொண்டுவந்தது. எந்த வரியும் அதைச் சரிசெய்யாது. எளிதில் சரிசெய்யக்கூடியது வேறொன்று. ஒவ்வொரு சம்பவத்துக்குப் பிறகும் ‘இது சட்டப்படி சரியா’ என்று மட்டும் கேட்டுவிட்டு, ‘அந்த இடத்துக்கு அப்படி வந்து நின்றது சரியான உத்தியா, அடுத்தவருக்கு எதைக் கற்றுக்கொடுப்பது’ என்று கேட்காமல் கோப்பை மூடியது.

பில் வேறு வழியில் வந்தது. நகரங்கள் சேர்ந்து நடத்தும் காப்பீட்டுக் குழு ஒன்றில் வலேஹோ இருந்தது. வழக்கு இழப்பீட்டில் முதல் 5 லட்சம் டாலரை நகரம் கட்டும், அதற்கு மேல் குழு பார்த்துக்கொள்ளும். 2018-ல் குழு அந்த வரம்பை 25 லட்சமாக ஏற்றியது. நகரம் வேறு காப்பீட்டைத் தேட வேண்டியதாயிற்று. ஐந்து மடங்கு உயர்வு. மன்றத்தில் எந்தப் பயிற்சித் திட்டமும் அப்படி ஒரு தொகையைக் கேட்டிருக்காது.

## 2019 முதல் 2023 வரை: எடுத்த முடிவுகள்

2019 பிப்ரவரியில் உணவகம் ஒன்றின் வாகன வரிசையில் 20 வயது இளைஞர் காரில் தூங்கிக்கொண்டிருந்தார், மடியில் துப்பாக்கி. அவர் அசைந்தபோது ஆறு காவலர்கள் சில விநாடிகளில் 55 குண்டுகள் சுட்டார்கள், அவர் இறந்தார். காணொளி வெளிவந்தது. அதன்பின் நகரம் வெளி ஆய்வாளர்களை அமர்த்தியது. இந்த முடிவு சரியானது. தாமதமானது என்பதும் உண்மை.

ஆய்வறிக்கை 2020-ல் வந்தது, 45 பரிந்துரைகளோடு. அந்த ஜூன் மாதம் இன்னொருவர் சுட்டுக் கொல்லப்பட்ட சில நாட்களில், மாநில அரசின் தலைமை வழக்கறிஞர் நடத்தும் நீதி நிர்வாகத் துறை நகரத்தோடு மூன்றாண்டுச் சீர்திருத்த உடன்பாடு செய்தது. அந்த ஆண்டு ஜனவரியிலிருந்து மாநிலச் சட்டமும் மாறியிருந்தது. உயிர்போக்கும் பலத்தைத் தேவையான இடத்தில் மட்டுமே பயன்படுத்தலாம் என்று அளவுகோல் இறுகியது. அதற்கேற்பக் காவலருக்கு மறுபயிற்சி தர வேண்டும். பதற்றத்தைத் தணிப்பது, தொலைவு காப்பது, அவசரப்படாமல் நேரம் எடுத்துக்கொள்வது எல்லாம் கொள்கையில் வந்தன.

மூன்று ஆண்டு முடிந்தபோது 45-ல் 20 மட்டுமே நிறைவேறியிருந்தன. விருப்பமின்மை ஒரு காரணமாக இருக்கலாம். ஆள் இல்லாதது நிச்சயமாக ஒரு காரணம். கொள்கையை எழுத, பயிற்சியை நடத்த, தரவைத் தொகுக்கச் சார்ஜெண்டும் லெப்டினன்ட்டும் வேண்டும். அவர்கள் ரோந்தில் இருந்தார்கள். 2023 ஜூலையில் காவலர் பற்றாக்குறையையே உள்ளூர் நெருக்கடி நிலையாக மன்றம் அறிவித்தது. அக்டோபரில் மாநிலம் நீதிமன்றத்துக்குப் போய், ஐந்தாண்டுக்கு நீதிமன்ற மேற்பார்வையோடு கூடிய தீர்ப்புக்கு நகரத்தைச் சம்மதிக்க வைத்தது.

வரிப் பக்கத்தில், 2022 நவம்பரில் வாக்காளர்கள் இன்னொரு விற்பனை வரிக்கு ஒப்புக்கொண்டார்கள், டாலருக்கு முக்கால் சென்ட்டைவிடக் கொஞ்சம் அதிகம். இதுவும் பொது வரிதான். எதற்கு எவ்வளவு என்ற சண்டை மறுபடியும் மன்றத்துக்கே வந்து சேர்ந்தது.

## எதை மாற்றலாம்

வலேஹோவுக்குப் பிறகு மாநிலம் ஒன்றை மாற்றியது. 2011-ல் வந்த சட்டப்படி, கலிபோர்னிய நகரம் திவாலுக்குப் போகும் முன் நடுநிலையாளர் முன்னிலையில் கடன் கொடுத்தவர்களோடும் சங்கங்களோடும் பேச வேண்டும், அல்லது நிதி நெருக்கடியைப் பொதுக் கூட்டத்தில் அறிவிக்க வேண்டும். ஸ்டாக்டன் 2012-ல் முதல் வழியில் போனது. திவால் தவிர்க்கப்படவில்லை, ஆனால் எண்கள் நீதிமன்றத்துக்கு முன்பே மேசைக்கு வந்தன.

மன்றத்தின் கையில் இருப்பவை சிறியவை, ஆனால் நடக்கக்கூடியவை. சம்பள ஒப்பந்தத்தை வாக்குக்கு வைக்கும் முன், ஐந்து ஆண்டில் ஓய்வூதியத்தோடு சேர்த்து என்ன செலவாகும், வீட்டு விலை விழுந்தால் எது வெட்டப்படும் என்ற கணக்கை இரண்டு வாரமாவது பொதுவில் வைக்கலாம். ஒப்பீட்டுக்கு வசதியான நகரங்களை அல்லாமல் தன்னையொத்த வருமானமுள்ள நகரங்களை எடுக்கலாம். ஒப்பந்தம் பேசும்போதே பயிற்சி மணி நேரத்தையும் அதில் எழுதலாம். சங்கங்கள் இதை எதிர்க்கும் என்று பொதுவாக நினைக்கிறார்கள். பயிற்சி நேரம் ஊதியத்தோடு, சாதாரண ஷிப்டில் வந்தால் காவலர் ஏன் எதிர்க்கப் போகிறார்? எதிர்ப்பு வருவது விடுமுறை நாளில் கட்டாயமாகக் கூப்பிடும்போதுதான்.

ஷிப்டை நிரப்பும் செலவைப் பயிற்சி என்ற தலைப்பிலேயே காட்ட வேண்டும். அது ஓவர்டைம் தலைப்பில் கரைந்திருக்கும் வரை, பயிற்சி மலிவாகவும் ஓவர்டைம் ஊதாரித்தனமாகவும் தெரியும். உறுப்பினர் ஓவர்டைமை வெட்டச் சொல்வார், வெட்டுப்படுவது பயிற்சியாக இருக்கும். வழக்குத் தீர்வுத் தொகையும் அப்படித்தான். வழக்கமாக அது நகரத்தின் காப்பீட்டு நிதியிலிருந்து போகிறது, காவல்துறையின் பட்ஜெட் பக்கத்தில் வருவதே இல்லை. ஆறு மாதத்துக்கு ஒரு முறை, எந்த வகைச் சம்பவத்துக்கு எவ்வளவு கட்டினோம், அந்த வகைக்கு எத்தனை பேர் பயிற்சி முடித்திருக்கிறார்கள் என்று இரண்டு பத்திகளை அடுத்தடுத்து வைத்து மன்றத்துக்குக் கொடுக்கச் சொன்னால், அதற்குப் புதுச் சட்டமும் வேண்டாம், வாக்கெடுப்பும் வேண்டாம். நிதி அலுவலர் ஒருவரும் காவல்துறையின் பயிற்சிப் பொறுப்பாளரும் சேர்ந்து தயாரிக்கலாம்.